பாய்மரத்தை நிமிர்த்தியது யார்

புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. என் பெயரும் அப்பா பெயரும் அந்தப் புகாரில் சரியாகவே இருக்கின்றன. வயது நாற்பத்து நான்கு. லிஃப்ட் மெக்கானிக். அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். என்மீது இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. படகு வாங்கியதில் எனக்கு ஒரு லாபமும் கிடையாது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். வரிசைப்படி சொல்லுங்கள் என்றார் அதிகாரி. சொல்கிறேன்.

இறந்துபோன அத்தான், அதாவது அக்காவின் கணவர், பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கக் கடலைச் சுவரில் மாட்டிவைத்துப் பாடம் நடத்தியவர். அவருக்கு நெடுநாளாக மூச்சுத் தொந்தரவு உண்டு. நோய் பரவி ஊரடங்கு போட்டதும் அக்கா அவரை வாசல் கதவைத் தாண்ட விடவில்லை. காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். பேப்பரை இஸ்திரி போட்டுத்தான் அவர் கையில் கொடுத்தாள். நான் போனாலும் கதவுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை இருந்தது, அதற்காக வெளியே போய்வர அனுமதிச்சீட்டும் இருந்தது. அந்தச் சீட்டுதான் எனக்கு வினையாக வந்தது.

போனில் படகு விளம்பரமாகப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பாய்மரப் படகு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். கடற்கரைக்கே போகக் கூடாது என்று உத்தரவு இருந்த நேரம். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா அத்தான்?" என்று கேட்டேன். "படகு வாங்குறதே நீந்தாம இருக்கத்தானே மாப்ளே" என்றார். அக்கா முதலில் சண்டை போட்டாள். அதன் பிறகு, "வாங்கித் தொலையட்டும்டா. அதைத் துடைச்சிக்கிட்டு வீட்டோட கிடந்தாருன்னா வெளியே போகணும்னு அடம்பிடிக்க மாட்டாரு" என்று என்னிடம் சொன்னாள்.

அதன் பிறகு எல்லாம் என் தலையில் விழுந்தது. விற்றவர் துறைமுக நகரில் இருந்த ஒரு பல் டாக்டர். எங்களில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் படகைக் காட்டினார். காற்றுச் சத்தத்தில் அவர் பேசியதில் பாதி கேட்கவில்லை. கேட்காத பாதியில்தான், படகை ஏற்றி இழுத்துவரும் டிரெய்லரின் டயர் இரண்டும் போய்விட்ட விஷயம் இருந்ததாம். ஊரடங்கில் எந்த டயர் கடை திறந்திருக்கும்? தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடித்து, யாரோ ஒரு மெக்கானிக்கின் வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய டயரை எடுத்து மாட்டவைத்தேன். அதன் பிறகு வண்டிக்கு அனுமதி. விண்ணப்பத்தில் மருந்து உண்டு, பால் உண்டு, மாட்டுத் தீவனம்கூட உண்டு, படகு இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தால், படகு அத்தியாவசியப் பொருளா என்று கேட்டார்கள். அதே கேள்வியை நான் அத்தானிடம் கேட்டேன். "வீட்டுச் சாமான்னு போடு" என்றார். போட்டேன். தள்ளுபடி ஆனது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் தள்ளுபடி. ஒருவழியாகக் கிடைத்து வண்டி கிளம்பினால், சோதனைச் சாவடியில் மடக்கிய காவலர் டிரைவரின் போனில் என்னைப் பிடித்து, "இதுவாய்யா வீட்டுச் சாமான்?" என்றார். "குடும்பத்தோட குடியிருக்கலாம் சார்" என்றேன். சிரித்துவிட்டு அனுப்பினார். நாய் படாத பாடு பட்டுத்தான் அந்தப் படகை அக்கா வீட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அக்கா போட்ட கண்டிப்பு ஒன்றே ஒன்று. டிரைவர் கதவுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே அவர் வண்டியை ரிவர்ஸில் எடுத்து, டிரெய்லரை முற்றத்துக்குள் தள்ளி, தெருவில் நின்றபடியே கழற்றிவிட்டுப் போய்விட வேண்டும். பாய்மரத்தைக் கழற்றிப் படகின்மேல் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் யாரும் அதைத் தொடுவதில்லை, அதன் பிறகு நானும் அத்தானும் நிமிர்த்துவது என்று பேச்சு. சம்பவத்தன்று காலை அப்படியேதான் நடந்தது. இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர், வண்டியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். கதவை நான்தான் சாத்தினேன். அக்கா, அத்தானின் மூச்சு மருந்து வாங்க மருந்துக்கடை வரிசைக்குப் போனாள். எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து, லிஃப்ட் நடுவில் நின்று ஒரு நர்ஸ் மாட்டிக்கொண்டார் என்று போன் வந்தது. "அத்தான், மரத்தைத் தொட்டுடாதீங்க" என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

வேலை முடித்துத் திரும்பியபோது தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. அக்கா வீட்டு மதிலுக்கு மேலே, மாடி ஜன்னலையும் தாண்டி, பாய்மரம் நேராக நின்றது. அதை ஒரு ஆள் தனியாக நிமிர்த்த முடியாது. ஒருவர் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும், இன்னொருவர் முன்னாலிருந்து கயிற்றை இழுக்க வேண்டும். கதவு திறந்து கிடந்தது. படகுக்குள் அத்தானும் டிரைவரும் ஒட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரின் முகக்கவசமும் தாடையில் கிடந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "நான் மாட்டேன்னுதான் சொன்னேன் சார். அவருதான் கதவைத் திறந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அத்தானை அப்படியே தூக்கிப்போய் அறையில் போட்டுப் பூட்டலாமா என்று இருந்தது. அவரோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "எப்படி நிக்குது பாத்தியா மாப்ளே" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

அதன் பிறகு டிரைவரை அனுப்பினேன். டம்ளர்களை நானே கழுவி வைத்தேன். அக்கா மருந்துப் பையோடு வந்து, மரத்தைப் பார்த்துவிட்டு, "யாருடா ஏத்தினது?" என்று கேட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். "நான்தான். டிரைவரைக் கூப்பிட்டு வேலையை முடிச்சிட்டேன். அத்தான் உள்ளேதான் இருந்தாரு" என்றேன். திட்டு எனக்குப் புதிதல்ல. அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்க வேண்டியதில் பாதியை நான்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். "உனக்கெல்லாம் தலைக்குள்ள என்னடா இருக்கு?" என்று ஆரம்பித்தவள், ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துப் படகு முழுவதையும் கழுவி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

நாலைந்து நாள் கழித்து டிரைவர் போன் செய்து, தனக்கு நோய் உறுதியாகிவிட்டது என்றார். அன்று மாலையே அத்தானுக்குக் காய்ச்சல். எனக்கும் அக்காவுக்கும் சோதித்ததில் இல்லை. அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கூட யாரையும் விடவில்லை, லிஃப்ட் ஆள் என்பதால் என்னை மட்டும் வார்டு வாசல்வரை விட்டார்கள். லிஃப்டில் மேலே போகும்போது அத்தான் ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்தி, "நீ எதுவும் சொல்லிடாத மாப்ளே. வீட்டுக்கு வந்து நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். வரவில்லை. உடலையும் கட்டி மூடித்தான் கொடுத்தார்கள். அக்காவுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. விதியை மீறி வெளியாளை வீட்டுக்குள் விட்டுத் தன் கணவர் சாவுக்குக் காரணமானேன் என்று இந்தப் புகாரைக் கொடுத்தாள். டிரைவர் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, அவர் போன் அணைந்தே கிடக்கிறது, எனக்குத் தெரியாது என்றேன்.

கதவைத் திறந்தது யார் என்று அதிகாரி கேட்டதற்குத்தான் மேலே உள்ளபடி சொன்னேன். இதை ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டார். காய்கறி கழுவிக் கழுவித் தோலுரிந்த கை சார் அது. அவரே போய்க் கதவைத் திறந்தார் என்று எந்த வாயால் சொல்வது? இப்போது அவள் என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும். அவரைத் திட்ட ஆரம்பித்தால், பதில் சொல்ல அவர் இல்லை.

புகார்தாரர் கேட்டால் இந்த வாக்குமூலத்தின் நகலைக் கொடுத்தாக வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அத்தான் கதவைத் திறந்ததாக நான் சொன்ன இடத்தை அடித்துவிடச் சொன்னேன். பதிந்ததை அடிக்க முடியாது, வேண்டுமானால் கூடுதலாகச் சொல்லலாம் என்றார்.

கூடுதலாகச் சொல்வது: கதவைத் திறந்தது நான். டிரைவரை உள்ளே அழைத்ததும் நான். அத்தான் வீட்டுக்குள் இருந்தார். மேலே இதற்கு மாறாக உள்ளவை என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன பொய். இப்படிச் சொல்வதால் என்ன தண்டனை வரும் என்பதை அதிகாரி விளக்கினார், புரிந்துகொண்டேன். முழுவதையும் படித்துக்காட்டக் கேட்டேன். கடைசியில் சொன்னதே உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
புகார்தாரரின் தம்பி