மௌனம் இல்லாத பீஸ்

பியானோவில் ஐந்தாவது கிரேடு பரீட்சை முடித்தவனுக்குப் புதிய பீஸ், அதாவது வாசிக்க ஓர் உருப்படி, தேர்ந்தெடுப்பதைப் போலத் தலைவலி வேறு கிடையாது, ஐயா. தொடக்கக்காரன் கொடுத்ததை வாசித்தால் போதும். கரை கண்டவன் எதை வேண்டுமானாலும் வாசிப்பான். நடுவில் நிற்பவனுக்குத்தான் மத்தளத்துக்கு விழுவதுபோல் இரண்டு பக்கமும் இடி.

திண்டிவனத்தில் வெஸ்டர்ன் கிளாசிக்கல் பியானோ வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும், குயிலாப்பாளையத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் பியானோவை வாங்கினேன். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஆரோக்கியசெல்வி டீச்சரிடம் பாடம். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மரியாதையில் நான் குறை வைத்ததில்லை.

டீச்சர் மூன்று பீஸ்களைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதலாவது மிக அழகு. ஆனால் நாலு வரிக்கு ஒரு தடவை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் இசையே இருக்கிறது என்றார். என் வீட்டில் அந்த மௌனத்தில் அண்ணன் இருந்தார்.

அண்ணன் கோதண்டபாணிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. எது வேண்டுமானாலும் இடக்கையால் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்கும் தட்டுவார், ஃபேனுக்கும் தட்டுவார். தொண்டையில் சளி அடைத்தாலும் தட்டுவார். அப்போது மட்டும் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சளியை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நான் நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தேன்.

நான் நன்றி கெட்டவன் இல்லை. மண்டகப்பட்டில் கடலைக் காட்டில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கி என்னைப் படிக்க வைத்தவர் அவர். எனக்காகக் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒரு பீஸைக்கூட வீட்டில் முதலிலிருந்து கடைசிவரை என்னால் வாசிக்க முடிந்ததில்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

இரண்டாவது பீஸ் தாலாட்டு மாதிரி மெல்லியது. தட்டுகிற சத்தம் அதை அமுக்கிவிடும். தள்ளிவிட்டேன். மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. இடது கை ஓயாமல் ஓடும், மூச்சுவிட இடம் கிடையாது, பெரும்பாலும் உரக்க வாசிக்கும்படி போட்டிருந்தது. உங்களுக்கு இது கொஞ்சம் அதிகம் என்றார் டீச்சர். சவால் இல்லாமல் வளர்ச்சி ஏது என்றேன். என் ஆர்வத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

அண்ணனைப் பார்த்துக்கொள்ளக் கிளியனூரிலிருந்து சின்னபொண்ணு என்கிற அம்மாள் வருவார். பீஸ் கைக்குப் படிந்த வாரம் அவர் வந்து நின்றார்.

"பெரியவரு தட்டிக்கினே இருந்துருக்காரு சார். நீங்க வாசிக்கிற சத்தத்துல எனக்கே கேக்கல."

எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் கேட்காமலேயே லீவு கொடுத்தேன்.

"காலைலேர்ந்து தொண்டை கரகரங்குது சார் அவருக்கு. பக்கத்துலயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

வாசிப்பதை செல்போனில் பதிவு செய்து கேட்டால்தான் தவறு தெரியும் என்பார் டீச்சர். அப்படியே செய்தேன். சாயங்காலம் அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்து, வந்தவர்களுக்கு நாற்காலி போட்ட பிறகு, பதிவை டீச்சருக்கு அனுப்பினேன். இடது கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சார், யாரோ தட்டிக்கினே இருக்காங்களே, யாரு அது?" என்று கேட்டார்.

இசை தெரிந்தவர் கேட்கிற கேள்வியா இது. பதிவை உங்கள் ஸ்டேஷனுக்கு அனுப்பியதும் அவர்தான் என்று இப்போது தெரிகிறது.

காதில் விழுந்ததா என்கிறீர்கள். விழுந்தது. இரண்டாம் பக்கத்தில் மெல்ல வாசிக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று உண்டு. அதில் தெளிவாகவே கேட்டது. தண்ணீருக்குத் தட்டுவது வேறு, இது வேறு. மூன்று வருடம் கேட்ட காதுக்குத் தெரியாதா. ஆனால் எது நடந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது பியானோவில் பாலபாடம்.

அந்த வரியைத் தாண்டி, முதல் பகுதி முடிகிற இடத்தில் இரண்டு புள்ளியும் இரட்டைக் கோடும் இருக்கும். மறுபடி முதலிலிருந்து வாசி என்று அர்த்தம். பலர் சோம்பல்பட்டு அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அது நேர்மைக் குறைவாகப் படும். நான் அங்கே வந்து சேர்ந்தபோது அண்ணன் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

இரண்டாவது தடவை சுத்தமாக வந்தது, ஐயா. நீங்களே போட்டுக் கேளுங்கள். அந்த மெல்லிய வரியில் எந்த இடைஞ்சலும் இல்லை.