கோல் வாங்கப் போறவன்

இல்ல சார், வண்டி இங்கேயே நிக்கட்டும். கயிறு கட்டியிருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் இன்னைக்கு எந்த வண்டியும் போகாது. கொட்டுச் சத்தம் கேக்குதா? காலங்காலமா இந்த ஆத்தங்கரையில இருக்குற எங்க யாக்கி ஜனத்துல புதுத் தலைவருங்க பதவிக் கோல் வாங்குற நாள். மூணு ராஜா திருநாள்னு நீங்க பட்டணத்துல ரொட்டி வெட்டித் தின்பீங்க, இங்க அன்னைக்குத்தான் ஊரு கை மாறும்.

தெரியும், தெரியும். க்ரெசென்சியோவைப் பாக்கணும். இந்த ராஹும் ஊருக்குப் புதுத் தலைவன். அவன் சத்தியம் பண்றதுக்கு முன்னாடி பாக்கணும். முன்னாடின்னு அழுத்திச் சொல்றீங்களே, யாரு சொல்லிக் குடுத்தா? நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான். பாயில முட்டி போட்டு சத்தியம் பண்ணிட்டா, அப்புறம் அவன் வாய் அவனுது இல்லை. சபை சொல்றதைத்தான் சொல்லணும். தனியா யாருக்கும் வாக்குக் குடுக்க முடியாது. அதனால, அவன் வெறும் மனுஷனா இருக்கும்போதே காலங்காத்தால வந்து பிடிச்சு, பட்டணத்துக்குத் தண்ணிக் குழாய் போட்டுக்கங்கன்னு ஒரு வார்த்தை வாங்கிரலாம். யாக்கிக்காரன் சொன்ன வார்த்தையை மாத்த மாட்டான்னு அதுலயும் ஒரு நம்பிக்கை.

வண்டிக்குப் பின்னாடி என்ன, எங்களுக்குக் குடுக்கக் கம்பளியா? எங்க தாத்தனைக் கையைக் கட்டி, அடிமை வேலைக்குன்னு எங்கேயோ இருக்குற யுகத்தானுக்குக் கப்பல் ஏத்தினாங்களே, அன்னைக்குக் குடுத்திருக்கணும் கம்பளி. இப்ப எதுக்கு? வர்ற வழியில பாலத்துக்குக் கீழ எட்டிப் பாத்தீங்களா? மணல். மணல்ல நாலு மாடு. அதுக்குப் பேரு ஆறு. மேல அணையில மிச்சம் கிடக்குறதையும் உறிஞ்சிக்கிட்டுப் போக உங்களுக்குக் குழாய் வேணும்.

கோபப்படாதேங்கிறீங்களா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. பள்ளிக்கூடம் பாக்காதவன் சார் நான். துண்டுப் பிரசுரத்துல எழுத்துக் கூட்டினவன். இதே ரோட்டுல லாரிங்களை மறிச்சு உக்காந்து, உங்க ஆபீசுல இருந்து வந்த அத்தனை பெரிய மனுஷனையும் வைஞ்சு அனுப்பியிருக்கேன். ஜெயிலும் பாத்தாச்சு. அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து கோஷம் போட்டவன்தான் இப்ப உங்க வண்டி ஓட்டுறான். டேய் ரோமுலோ, நிமிர்ந்து உக்காருடா, கழுத்து சுளுக்கிக்கும். சாருக்குச் சொல்லிக் குடுத்தது நீதானே? பாருங்க, கண்ணாடியை ஏத்திக்கிறான்.

க்ரெசென்சியோ எப்படிப்பட்ட ஆளா? மோசமான ஆளு. பொறுமை கிடையாது, நாக்குல முள்ளு. தலைவன்னா எவன் வந்தாலும் உக்கார வச்சு, சொல்றதைக் கடைசி வரைக்கும் கேட்டு, நிதானமாப் பேசணும். குரல் ஒசரக் கூடாது. அவனால ஆகுமா? நானே சபையில எந்திரிச்சுச் சொன்னேன், அவன் வேண்டாம், வேற ஆளைப் பாருங்கன்னு. லோரேத்தா, அதான் அவன் பெண்டாட்டி, என்ன சொன்னா தெரியுமா? இத்தனை வருஷம் கத்தினதைக் கேட்டாச்சு, ஒரு வருஷம் வாயைக் கட்டித்தான் பாப்போமேன்னு. கட்டினவளே இப்படிச் சொன்னா அப்புறம் என்ன. ஊரே சிரிச்சு முடிவு பண்ணிருச்சு. ஊரு கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல இங்க எவனுக்கும் உரிமை கிடையாது.

எனக்கு வயிறு எரியுது சார். ஒருத்தனாவது கத்தணும்ல? எல்லாரும் மெதுவாவே பேசிக்கிட்டிருந்தா ஆத்தைத் திருப்பித் தருவீங்களா நீங்க? சொல்லுங்க. மாட்டீங்கல்ல.

கொட்டு இந்தப் பக்கம்தான் வருது. ஆளைக் கூட்டிக்கிட்டுப் போக வர்றாங்க. ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சுத்தான் நடத்திக்கிட்டுப் போவாங்க, ஓடிப் போயிருவான்னு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டைப் பொத்தானைப் போட்டுக்குறேன். லோரேத்தா கஞ்சி போட்டுத் தேய்ச்சுட்டா, கழுத்தை அறுக்குது.

ஏன் முழிக்கிறீங்க? சத்தியத்துக்கு முன்னாடி க்ரெசென்சியோவைப் பாக்கணும்னீங்க, பாத்தாச்சு. நான்தான் அவன்னு வண்டியில இருக்குறவனுக்குத் தெரியும், பயத்துல சொல்லலை. மத்தியானம் கொட்டகைக்கு வாங்க. மாட்டுக்கறிக் குழம்பு ஊத்தி, ஐயா சாப்பிடுங்கன்னுதான் நான் சொல்லியாகணும். குழாயைப் பத்தி நீங்க கேளுங்க, சபையைக் கேட்டு நானும் மெதுவாப் பதில் சொல்றேன்.

அவங்க அந்த முக்கு திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் வாய் என்னுது சார். போடா, திருட்டுப் பயலே.