மதாம் பியட்றிஸ் பாதையை மூடியது பற்றி

பெயர்: தர்மராசா கலைமாறன். வயது 38. பிறந்த இடம் கிளிநொச்சி. வசிப்பது எபினே-சூர்-செய்ன். தொழில்: சரக்கு ரயிலில் பெட்டிகளைக் கொளுவுதல், பிரேக் பார்த்தல். எனக்குப் பிரெஞ்சு விளங்கும். ஆனால் இதை விவரமாகச் சொல்லத் தமிழ் வேண்டும் என்று நான் கேட்டதால், மொழிபெயர்ப்பாளர் லூர்துசாமி முன்னிலையில் விசாரணை அதிகாரியிடம் சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் கம்பனி சிறியது. அதற்குச் சொந்தமாகத் தண்டவாளம் கிடையாது. லா சப்பலுக்கு வடக்கேயுள்ள, ரயில் பெட்டிகளை நிறுத்தும் யார்ட் இன்னொரு பெரிய கம்பனியுடையது. இரு கம்பனிகளுக்கும் உள்ள ஒப்பந்தப்படி அங்கே மூன்று பாதைகளில் எங்கள் பெட்டிகளை நிறுத்தலாம், அவர்களுடைய பிரதான பாதையால் வெளியே கொண்டுபோகலாம். இஞ்சினும் ஆட்களும் எங்களுடையவை. சிக்னலும் பாதை மாற்றுவதும் அவர்களுடைய சமிக்ஞை அறையின் கையில். எங்கள் ரேடியோ அவர்களுக்குக் கேட்காது. ஆகையால் எங்களில் ஒருவர் பாதையைக் கடப்பதென்றால், எங்கள் பொறுப்பாளர் முதலில் சமிக்ஞை அறைக்குத் தொலைபேசியில் சொல்லி அனுமதி எடுத்து, அதன் பிறகே எங்களுக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும்.

கடந்த மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மணல் ஏற்றிய ரயிலின் கடைசிப் பெட்டியில் பிரேக் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பாதையைக் கடக்கலாமா என்று கேட்டேன். கடக்கலாம் என்று பொறுப்பாளர் ரேடியோவில் சொன்னார். அதன் பிறகு நான் கடந்துகொண்டிருக்கையில், பாதை மாற்றும் இடத்திலுள்ள நகரும் தண்டவாளம் அசைந்து என் இடது பாதத்தைச் சப்பாத்தோடு நெரித்துப் பிடித்தது. அது அசைந்தால் அந்தப் பாதையால் ரயில் வரப்போகிறது என்று அர்த்தம். நான் ரேடியோவில் எங்கள் இஞ்சின் ஓட்டுநர் ரோமனைக் கூப்பிட்டேன். அவர் இறங்கி ஓடி, சிக்னல் கம்பத்திலுள்ள தொலைபேசியில் சமிக்ஞை அறையை அழைத்தார்.

அங்கே இருந்தவர் மதாம் பியட்றிஸ். அவர் எங்களை முன்பின் கண்டதில்லை. வேறு கம்பனி ஆள் நிறுத்தச் சொன்னால் ரயில் இலக்கத்தையும் பெயரையும் முதலில் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆள் சிக்கிவிட்டார் என்று ரோமன் சொன்னதுமே அவர் எல்லாச் சிக்னலையும் சிவப்பாக்கிவிட்டார். அதன் பிறகுதான் இலக்கம் கேட்டாராம். வந்துகொண்டிருந்தது அவர்களுடைய வெற்றுப் பயணிகள் ரயில். அதன் ஓட்டுநர் கையால் வாயைப் பொத்தியிருந்ததை என்னால் பார்க்க முடிகிற தூரத்தில் அது நின்றது.

அதன் பிறகு மதாம் பியட்றிஸ், அருகில் வேலை செய்துகொண்டிருந்த அவர்களுடைய பாதைத் தொழிலாளி ஜெர்மேனை அனுப்பினார். தண்டவாளத்தை அசைக்கும் மோட்டாரை இயக்கினால் கால் இன்னும் நசுங்கலாம் என்பதால் அவர் கைப்பிடியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் திறந்தார். தன் ஜக்கெட்டைக் கழற்றி என் தலைக்குக் கீழே வைத்தார். தன் மகளின் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கால் வெளியே வந்ததும் அவர் அழுதார். வைத்தியசாலையில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பாதம் இருக்கிறது. நடக்கிறேன்.

சில நாட்களின் பின் எங்கள் பொறுப்பாளர் வைத்தியசாலைக்கு வந்தார். சமிக்ஞை அறையிடம் அனுமதி கேட்க மறந்துவிட்டதாக என்னிடம் ஒப்புக்கொண்டார். பிழை எங்கள் பக்கம் என்றால் ஒப்பந்தமே போய்விடும், எல்லோருக்கும் வேலை போகும், ஆகவே சமிக்ஞை அறை அனுமதி தந்த பிறகுதான் பாதை அசைந்தது என்று சொல்லும்படி கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். என்னிடம் விசா இல்லாத காலத்தில் எனக்காக, விசா கொடுக்கும் அலுவலகமான பிரெஃபெக்சருக்கு வந்து நின்றவர்.

வீட்டில் மனைவி சிவரஞ்சினியிடம் சொன்னேன். அவர், “அந்த மனுசி நீங்கள் ஆரெண்டும் கேக்காமல்தானே மறிச்சவ. உள்ளதைச் சொல்லுங்கோ அப்பா. வேலை போனால் ரெண்டு பேருமாப் பாப்பம்” என்றார்.

இதற்கிடையில், விதிப்படி கேட்காமல் பாதையை மூடி, அன்று மாலை ஏராளமான பயணிகளைத் தாமதிக்கச் செய்தார் என்று மதாம் பியட்றிஸை விசாரணை முடியும்வரை சமிக்ஞை அறை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ரோமன் சொன்னார். நானும் மனைவியும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள எங்கள் ஆட்களின் கடையில் றோல்ஸ் பலகாரம் வாங்கிக்கொண்டு மதாம் பியட்றிஸைப் பார்க்கப் போனோம். அவர் முதலில் என் காலைத்தான் பார்த்தார். ஏன் இலக்கம் கேட்கவில்லை என்று கேட்டேன். “அதைப் பிறகும் கேட்கலாம்தானே” என்றார். மனைவி அவருடைய கையைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை.

அதன் பிறகு நான் பொறுப்பாளரிடம் நேரே போய், உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று அறிவித்தேன். அவர், தானும் வந்து சொல்வதாகச் சொன்னார். அவர் நேற்று இங்கே வந்து சொன்னதாக அதிகாரி இன்று எனக்குத் தெரிவித்தார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

யார்மீதாவது முறைப்பாடு உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். மதாம் பியட்றிஸை மறுபடி அந்த மேசையில் இருத்த வேண்டும் என்று எழுதச் சொன்னேன். அவர் அங்கே இருந்தால் நான் பயமில்லாமல் அந்தப் பாதைகளில் வேலைக்கு இறங்குவேன்.

மொழிபெயர்ப்பாளர் இதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி உண்மையென்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. கலைமாறன்