திட்டுற வேகம்

அட, நான் நோயாளி இல்லைங்கண்ணே. தலகாணியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு பாத்தீங்களா? இது என் வீட்டுக்காரியோடது. அவளுக்குத்தான் நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் ஆச்சு. உள்ள நடக்குற மிஷின்ல ஏத்தி விட்டிருக்காங்க. நான் வெளிய காவல்.

ஆபரேஷனுக்கு அப்புறம் பயிற்சிக்கு உங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் நாளா? அதான் முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு. நமக்கு முடிவெட்டுற கடைண்ணே. எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் பேச்சுக் குடுத்தே நாற்காலியில உக்கார வெச்சுடுவேன்.

இருமல் வருதா? அடக்காதீங்க. இந்தாங்க, தலகாணிய நெஞ்சோட சேத்து அமுக்கிப் புடிச்சுக்கிட்டு... ஆங், அப்படித்தான். தையலுக்கு ஒண்ணும் ஆகாது. இந்தத் தலகாணிய என் வீட்டுக்காரி எப்படிக் கட்டிக்கிட்டாங்கறீங்க! கல்யாணமான புதுசுல எனக்குக்கூட அந்தக் குடுப்பினை இல்ல.

ஆனா முதல்ல அவ இருமவே மாட்டேன்னுட்டா. அதுக்குக் காரணம் நான்தான்னு இன்னைக்கு வரைக்கும் சாதிக்கிறா. நடந்தது என்னன்னா, ஆபரேஷனுக்கு மறுநாள் நர்சம்மா வந்து, வலி எவ்வளவு இருக்கு, பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்கன்னாங்க. இவளுக்கு நாக்கு வறண்டு பேச்சே வரலை. அப்புறம் கூட நிக்கிறவன் எதுக்கு இருக்கேன்? ரெண்டுன்னுட்டேன். வீட்டுல யார் அவளை என்ன கேட்டாலும் நான்தான் முந்திக்கிட்டுப் பதில் சொல்றது, அந்தப் பழக்கம். ரெண்டுக்குத் தக்கன மாத்திரைதானே குடுப்பாங்க? குடுத்துட்டுப் போயிட்டாங்க. இவ என்னையே வெச்ச கண் வாங்காம பாத்தா. நான் பாசம்னு நெனச்சேன்.

வலிக்குப் பயந்து இருமலை அடக்குனதுல சளி கட்டி, காய்ச்சல் வந்துடுச்சு. அப்புறம் பயிற்சி குடுக்குற பொண்ணு என்னை வெளிய நிக்க வெச்சுட்டு அவகிட்டயே கேட்டுச்சு. வலி எட்டுன்னா! கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு. அன்னைக்குத்தான் மரமண்டையில ஏறுச்சு. வலிக்கு மருந்து குடுக்குறது சொகமா படுத்துக் கெடக்குறதுக்கு இல்லண்ணே, இருமுறதுக்கும் எந்திரிச்சு நடக்குறதுக்கும்தான்.

நீங்க மாத்திரை போட்டீங்களா? போடலையா? தாங்கிக்குவீங்களா? நல்லா தாங்குனீங்க போங்க. உள்ள போனதும் முதல் வேலையா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.

நடக்குற வேகத்துக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு அது. பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்துச்சுன்னா சோம்பேறித்தனமா நடக்குறீங்க, பேச்சே வரலைன்னா ஓவரா போறீங்க. என் வீட்டுக்காரி அதையே எனக்கு எதிரா திருப்பிட்டா. மிஷின்ல ஏறுனதும் என்னைத் திட்ட ஆரம்பிச்சுடுவா. எங்க அம்மாவுலேருந்து எங்க சித்தப்பன் வரைக்கும் ஒருத்தர் பாக்கி இல்ல. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, வேகம் சரியா இருக்கு, அப்படியே போங்கங்குது. காதைக் குடுங்க, கேக்குதா? எங்க அம்மாவத் தாண்டி நாத்தனாருக்கு வந்துட்டா. தெம்பு வந்துடுச்சுண்ணே. நேத்து கையப் புடிக்காம மாடி ஏறுனா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மிஷின் நின்னுடுச்சு போல. அண்ணே, அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். ஆபரேஷன் முடிஞ்சு நெஞ்சுலேருந்து ரத்தம் வடிய வெச்சிருந்த குழாயை உருவுவாங்கல்ல, அப்ப எப்படி இருந்துச்சு? எனக்கு மழுப்பாம சொல்லுங்க. அவகிட்டயே கேக்கலாம்தான். எதுக்குக் கேக்குறேன்னு ஒரு கேள்வி வருமே. இப்பதான் மாடி ஏறுறவகிட்ட, அடுத்த வாரம் எனக்கும் அதே ஆபரேஷன்னு எப்படிண்ணே சொல்றது?