செம்பு என்று எழுதிய டைரக்டர்

"உங்க சுரங்கக் கம்பெனி டைரக்டர் ஒரு பொய்யர், சுமதி."

ஹைதராபாத் உப்பலில் மெட்ரோ ஏறியதும் ஒரு பெண் தன் தோழியிடம் இப்படிச் சொன்னாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"ஹவ், நிஜம்தான். உலோகம் இருக்கான்னு பூமிக்குள்ள கரண்ட் விட்டுப் பார்த்தோம். ஒரு இடத்துல நல்லாப் பாயுதுன்னு மட்டும்தான் நான் சொன்னேன். அவர் அறிக்கையில அங்க செம்பு இருக்கு, இத்தனை டன்னுன்னு எழுதிட்டார்."

"துளை போட்டுப் பார்க்காமலேயா?"

"ஆமாண்டி. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நக்கோ சார், முடியாதுன்னுட்டேன். வேற ஒருத்தர்கிட்ட வாங்கி வெளியிட்டுட்டார். அன்னையிலிருந்து, எப்ப வேலை போகும்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"இப்ப துளை போட்டாச்சா?"

"போட்டாச்சு. எல்லாத் துளையிலும் கிராஃபைட். பென்சில்ல இருக்குமே, அதேதான். அதுலயும் கரண்ட் நல்லாப் பாயும். செம்பு பேருக்குக்கூட இல்லை."

"அப்போ உங்க சார் பென்சில் கடை வைக்கட்டும்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னிக்கு போர்டுல என்னைக் கூப்பிட்டாங்க. அறிக்கையை நீயே திருத்தி எழுதும்மான்னு சொன்னாங்க. அப்பாடான்னு இருக்குடி."

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தப் பெண் தப்பித்தாள். ஆனால் அந்தச் செம்பை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் இருப்பார்களே? டைரக்டர் ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பங்குதாரர் கூட்டத்தில் மைக் முன்னால் வந்து நில்லுங்கள். எதைப் பார்த்துச் செம்பு என்று எழுதினீர்கள்? எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.