சிவாவும் ராயாவும்

எனக்கு நீளமான பெயர்கள் ஆகாது, சார். ஆவுடையப்பன் என்று கையெழுத்துப் போடவே அலுப்பாக இருக்கும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை.

சங்கரன்கோவில் ரத வீதியில், மாடியில் எங்கள் ஆபீஸ். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்த நீள எண்தான் முகவரி. யார் மனப்பாடம் செய்வது? நான் குட்டிப் பெயர் வைத்தேன். சிவகிரி ஆஸ்பத்திரியினுடையது சிவா. ராயகிரியில் மூடிப்போன கிளினிக்கின் பழைய பெட்டி ராயா. பெயரை அடித்தால் போதும், உள்ளே போய்விடலாம். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் என்னிடம். அதைத்தான் எல்லாரும் பயன்படுத்துவார்கள். எண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை.

சுகிர்தா சேர்ந்து ஆறு மாதம். முதலாளியிடம், "இந்தப் பேரு வைக்கது என் ஐடியா சார்" என்றாள். அவளை எனக்கு மேலே போட்டார். எட்டு வருஷம் உழைத்தவன் நான். வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் ராயாவை ஒரேயடியாக அணைக்க வேண்டும். காலையில் பட்டியலில் ராயாவுக்கு நேரே சிவாவின் எண்ணை எழுதி வைத்தேன். சிவகிரி தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்காவது நாடி விழுந்தால், நர்ஸ் அறையில் கத்துவது சிவாதான். அவளுக்கு நல்ல திட்டு விழட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு என் மேஜைக்கு வந்தாள். "அண்ணாச்சி, ராயாவுக்குள்ள போனா, இது முன்ன போன கம்ப்யூட்டர் இல்ல, வேறன்னு எச்சரிக்கை வருது. என்ன செய்ய?"

"அது எப்பவும் வாரதுதான் மக்கா. சரின்னு அடிச்சிட்டுப் போ."

அடித்தாள். அணைத்தாள்.

உடனே சிவகிரியிலிருந்து நர்ஸ் ஜெஸ்லின் போன் செய்தது. "இங்கன ஸ்கிரீன் அணைஞ்சிட்டு அண்ணாச்சி. சுவிட்சப் போடட்டா?"

"ஒண்ணும் தொடாதீய. அஞ்சு நிமிஷத்துல வந்திரும்" என்றேன். யாரும் பார்க்கும் முன் பட்டியலைப் பழையபடி மாற்ற வேண்டியிருந்தது எனக்கு. இருபது நிமிஷம் ஆகிவிட்டது. மாற்றிய தடயத்தையும் அழித்த பிறகுதான் சுவிட்சைப் போடச் சொன்னேன். அதற்குள் ஏழாம் படுக்கையில் ஆயிஷம்மாளுக்கு நாடி விழுந்தது. ஜெஸ்லின் இன்னொரு படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தது. எச்சரிக்கைச் சத்தம் எழவில்லை. போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். சுகிர்தா மூன்று நாளாகச் சாப்பிடாமல், நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று அழுகிறாளாம்.

எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான். இதையும் அவள் தன்னுடையது என்றால் எப்படி, சார்?