முன் வரிசை

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் காலைப் படகில், எனக்கு முன் இருக்கையில் ஒரு போலீஸ்காரரும் அவர் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊர்வலத்துல முன் வரிசையில நிக்காதே. அடிக்கச் சொன்னா நான் அடிச்சுத்தான் ஆகணும்" என்று அவர் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கு நாடு முழுக்க வேலைநிறுத்தச் சமரம், அண்ணா. பன்னிரண்டு மணி நேரம் வேலைன்னு சட்டம் வந்தா, இஞ்சி குடோன்ல எங்க முதுகு தாங்குமா?"

"சமரத்துக்குப் போகாதேன்னு சொல்லலை. பின்னாடி நின்னாலே போதும்."

"உன்னை எங்க நிறுத்தறாங்க?"

அவர் தயங்கினார். "ஊர்வலம் வந்து சேர்ற லேபர் ஆபீஸ் கிழக்கு கேட்டுல."

"அப்ப நான் அங்கதான் முன்னாடி நிப்பேன். என்னைப் பார்த்தா நீ கை ஓங்க மாட்டே. பின்னாடி நிக்கறவங்க தப்பிச்சுப்பாங்க."

"என் பக்கத்துல நிக்கறவன் ஓங்குவானே. அவனுக்கு நீ யாரு?"

மடித்த பேனரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

துறை வந்ததும் அவர் எழுந்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து அவள் காலைப் பார்த்தார்.

"செருப்பு வாரையாவது இறுக்கிக்கோ. ஓட வேண்டி வரும்."

அவள் குனிந்து இறுக்கிக்கொண்டாள்.